எழுத்து (விவாகப் பதிவு) மட்டும் முடித்துவிட்டு, பெண்ணைக் கனடாவுக்கு எடுக்க ஸ்பொன்சர் போடலாமா, தாலிகட்டைப் பிறகு வைக்கலாமா?

கொக்குவில்_மாப்பிள்ளை எழுதியது:

வணக்கம் உறவுகளே, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன், சிட்டிசன் எடுத்து நாலு வருடம். ஊரில் ஒரு பெண் பேசி முற்றாகிவிட்டது. அவர் யாழ்ப்பாணத்தில் கொக்குவில், ஆசிரியை. பேச்சுக்கால் என்றாலும் ஒரு வருடத்துக்கு மேலாகத் தினமும் கதைக்கிறோம், போன வருடம் நேரிலும் போய்ப் பார்த்து வந்தேன்.

சிக்கல் என்னவென்றால் எனக்கு லீவு கிடைப்பது ஃபாக்டரி பூட்டும் நேரத்தில் மட்டும்தான். யூலை கடைசியில் போனால் ஓகஸ்ட் 20 வரை நிற்கலாம். அது பெரும்பாலும் ஆடி மாதம், கலியாணம் வைக்க ஒருவரும் சம்மதிக்கமாட்டார்கள். மாமா (பெண்ணின் அப்பா) சொல்கிறார், தம்பி இப்போது வந்து எழுத்தை முடித்துவிட்டுப் போங்கோ, ஸ்பொன்சர் அலுவல் ஓடட்டும், தை மாதம் வந்து தாலி கட்டலாம் என்று. அம்மா அதற்கு முகம் சுளிக்கிறார், தாலி கட்டாமல் எழுத்து எழுதி வைத்தால் ஊர் ஒரு கதை சொல்லும் என்கிறார். இதற்கிடையில் வேலைத்தலத்தில் ஒரு அண்ணை, "எழுத்து மட்டும் என்றால் வெள்ளைக்காரன் நம்பமாட்டான், கோயிலில் ஒரு மாலையை மாற்றி நாலு படம் எடுத்துக்கொண்டு வா, கலியாணம் என்று போட்டுவிடலாம்" என்கிறார்.

என்னுடைய கேள்விகள்: எழுத்து மட்டும் போதுமா? எந்தத் திகதியைக் கலியாணத் திகதி என்று போடுவது? தை மாதம் தாலி கட்டும்வரை ஃபைலைப் போடாமல் காத்திருப்பது நல்லதா? யாராவது இப்படிச் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

எக்ளின்டன்_சந்தி எழுதியது:

தம்பி, வாழ்த்துகள். நான் லோயர் இல்லை, ஆனால் எங்கள் சனத்துக்குப் பதினைந்து வருடமாகப் படிவம் நிரப்பிக் கொடுத்து அலுத்துப்போனவன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில் சட்டம். கனடா கேட்பது ஒன்றுதான்: கலியாணம் நடந்த நாட்டின் சட்டப்படியும் செல்ல வேண்டும், கனடாச் சட்டப்படியும் செல்ல வேண்டும். இலங்கையில் பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் நீங்கள் புருஷன் பெண்சாதி. தாலி, கூறை, அம்மி, அருந்ததி எல்லாம் உங்கள் வீட்டுக்கும் ஐயருக்கும் உரியது, ஃபைலுக்கு வேண்டியது பதிவாளர் நாயகத் திணைக்களத்தின் விவாகச் சான்றிதழ். அது தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆகவே திகதி என்றால் எழுத்துத் திகதிதான், அதில் பேச்சே இல்லை. தை மாதத் திகதியைக் கலியாணத் திகதி என்று போட்டு, சான்றிதழில் ஓகஸ்ட் இருந்தால் நீங்களே உங்கள் தலையில் மண் அள்ளிப் போட்ட மாதிரி.

இப்போது எழுத்தின் நடைமுறை. பெண் வசிக்கும் பிரிவின் விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்க வேண்டும், அறிவித்தல் பதிந்து 12 நாள் போன பிறகுதான் சாதாரணமாக எழுதலாம். அவசரம் என்றால் விசேட அனுமதிப்பத்திரம் என்று ஒன்று இருக்கிறது, அதற்குக் காசு அதிகம். நீங்கள் கனடாக் கடவுச்சீட்டில் போகிறவர் என்றபடியால், நீங்கள் மணமாகாதவர் என்பதற்கு என்ன கடிதம் வேண்டும், வேறு என்ன அனுமதி வேண்டும் என்று மாமாவை இப்போதே பதிவாளரிடம் நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கான விதியைக் கொஞ்சக் காலத்துக்கு முன் மாற்றியவர்கள், அதனால் மூன்று வருடத்துக்கு முன் கட்டிய மச்சான் சொல்வதைக் கேட்டு ரிக்கெற் போடாதீர்கள்.

இன்னொன்று, யாராவது "நீ போகத் தேவையில்லை, ஒன்லைனில் எழுதலாம்" என்று சொன்னால் காதில் வாங்க வேண்டாம். 2015 யூன் 11 முதல், இரண்டு பேரும் ஒரே இடத்தில் நேரில் நின்று செய்யாத கலியாணத்தைக் கனடாக் குடிவரவில் ஏற்பதில்லை. ஆளுக்குப் பதில் ஆள் வைக்கும் கையெழுத்து, தொலைபேசி, இணையம் எதுவும் செல்லாது. வெளிநாட்டில் கடமையில் இருக்கும் கனடா இராணுவத்தினருக்கு மட்டும் விலக்கு. கொரோனா நேரத்தில் இதில் மாட்டுப்பட்டு, திரும்பவும் ஊருக்குப் போய் எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

அந்த மாலை மாற்றும் அண்ணைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு விலகிவிடுங்கள். அதைப்பற்றிப் பிறகு எழுதுகிறேன், இப்போது வேலைக்குப் போக வேண்டும்.

அச்சுவேலி_அக்கா எழுதியது:

தம்பி, நான் அதே வழியில் வந்தவள், அதனால் அடுத்த பக்கத்தைச் சொல்கிறேன், படிவம் எழுதுகிறவர்களுக்கு இது தெரியாது (எக்ளின்டன் அண்ணை கோபிக்க வேண்டாம்).

எங்களுக்கு எழுத்து முதலில், தாலிகட்டு பதினான்கு மாதம் கழித்து. இவர் இரண்டு கிழமை லீவில் வந்து எழுதிவிட்டுத் திரும்பிவிட்டார். எங்கள் ஊர் வழக்கப்படி நான் அம்மா வீட்டில்தான் இருந்தேன், எழுதினதற்காக ஒருவரும் என்னைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டில் விடவில்லை. உறவுகள் கேட்டால் அம்மா "இன்னும் கலியாணம் ஆகவில்லை, எழுத்துதான் முடிஞ்சிருக்கு" என்று சொல்வார். இந்த ஒரு வசனம் எங்கள் வீட்டுக்கு உண்மை, கனடாவுக்குப் பொய். அதில்தான் நான் மாட்டுப்பட்டேன்.

இவருடைய தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தபோது ஒரு விசிற் விசாவுக்குப் போட்டோம், ஊரில் ஒரு ஏஜென்சிக்காரர் நிரப்பினார். மணநிலை என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டார், அம்மா பக்கத்தில் இருந்து "கலியாணம் ஆகவில்லை" என்று சொல்ல அவரும் அப்படியே போட்டுவிட்டார், நானும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். அந்த விசா மறுக்கப்பட்டது, சரி என்று விட்டுவிட்டோம். பிறகு ஸ்பொன்சர் ஃபைல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கடிதம் வருகிறது: நீங்கள் இன்ன திகதியில் மணமாகாதவர் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் சான்றிதழ்படி அதற்கு ஐந்து மாதம் முன்பே மணமானவர், விளக்கம் தாருங்கள் என்று. பொய்த் தகவல் என்று முடிவு செய்திருந்தால் ஐந்து வருடத்துக்குக் கனடாப் பக்கமே வரமுடியாது. அந்த ஒரு மாதம் நான் சாப்பிட்ட சாப்பாடு எனக்கே தெரியாது.

கடைசியில் லோயர் பிடித்து, எங்கள் பக்கம் எழுத்து வேறு தாலிகட்டு வேறு என்பது எப்படி என்று விளக்கி, அம்மாவும் எங்கள் கோயில் ஐயரும் சத்தியக்கடதாசி கொடுத்து, அதன் பிறகு ஒரு நேர்முகமும் வைத்துத்தான் விட்டார்கள். நேர்முகத்தில் அந்தப் பெண் அதிகாரி கேட்ட முதல் கேள்வியே, "உங்கள் சமூகத்தில் தாலி கட்டாமல் மனைவி என்று சொல்வார்களா?" என்பதுதான். அவர்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாது என்று நினைக்க வேண்டாம். நல்லாகவே தெரியும், தெரிந்துதான் கேட்கிறார்கள்.

ஆகவே தம்பி, எழுத்து முடிந்த அன்றிலிருந்து அந்தப் பிள்ளை எந்தக் கடதாசியிலும் "மணமானவர்" என்றுதான் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில், வங்கியில், வேறு நாட்டு விசாவுக்கு என்று எல்லாவற்றிலும். இதை மாமாவுக்கும் மாமிக்கும் இப்போதே இருத்தி வைத்துச் சொல்லுங்கள்.

திருச்சிக்காரன் எழுதியது:

நான் தமிழ்நாட்டுக்காரன், பிராம்ப்டனில் இருக்கிறேன். இலங்கை நடைமுறை எனக்குத் தெரியாது, ஆனால் இந்தத் திரியைப் படித்துவிட்டு யாராவது "அப்போ திருச்சிக்கோ சென்னைக்கோ வந்து ரெஜிஸ்டர் மட்டும் பண்ணிவிடலாம்" என்று கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். உங்கள் ஆட்கள் நிறையப் பேர் நடுவில் சந்திக்க வசதி என்று எங்கள் ஊரில்தான் மண்டபம் பிடிக்கிறார்கள், பார்த்திருக்கிறேன்.

இந்தியாவில் கதை தலைகீழ். இந்துத் திருமணச் சட்டத்தில் சடங்குதான் திருமணம், பதிவு அதற்கு ஒரு சாட்சி மாதிரி. 2024 இல் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது, சடங்கு நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்திருந்தால் அது இந்துத் திருமணம் ஆகாது என்று. அந்த வழக்கே விசாவுக்காக அவசரத்தில் எடுத்த சான்றிதழ் மாதிரியான விஷயங்களைக் கோர்ட் கண்டிக்க வழி செய்தது. அதற்காக ஐயர் வைத்து ஓமம் வளர்த்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, தமிழ்நாட்டில் 1967 திருத்தத்துக்குப் பிறகு சுயமரியாதைத் திருமணம் செல்லும். உறவினர் நண்பர் முன்னால் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். ஆனால் ஏதோ ஒன்று உண்மையாக நடந்திருக்க வேண்டும்.

அப்புறம் தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்த மதக் கல்யாணமாக இருந்தாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். கோயிலில் கொடுக்கும் ரசீதையும் மண்டபத்துப் பத்திரிகையையும் வைத்து ஸ்பான்சர் போட முடியாது. இருவருமே இந்தியக் குடிமக்கள் இல்லை என்றால் எந்தச் சட்டத்தின்கீழ் பதிவது என்பதே முதல் கேள்வி, ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட் பக்கம் போனால் 30 நாள் நோட்டீஸ். இரண்டு வார லீவில் வருகிறவருக்கு அது ஒத்துவராது. அதனால் அண்ணன்மாரே, பெண் யாழ்ப்பாணத்தில் இருந்தால் யாழ்ப்பாணத்திலேயே முடியுங்கள். திருச்சிக்கு மலைக்கோட்டை பார்க்க வாருங்கள்.

பாசையூரான் எழுதியது:

எங்கள் பக்கம் (வேதக்காரர்) இந்தக் குழப்பம் குறைவு. பெரும்பாலும் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை (கலியாண அறிவித்தல்) வாசித்து, கலியாணத்தையும் எழுத்தையும் கிட்டக் கிட்ட வைத்துவிடுவார்கள். ஆனால் இங்கே ஒன்ராறியோவில் கலியாணம் செய்கிறவர்கள் கவனிக்க ஒன்று சொல்ல வேண்டும், விசிற்றிலோ படிக்கவோ வந்த ஆளை இங்கேயே கட்டுகிறவர்கள் இப்போது அதிகம். ஐயரோ ஃபாதரோ யாராக இருந்தாலும் கலியாணம் எழுத மாகாணத்தில் பதிந்தவராக இருக்க வேண்டும், அதற்கு முன் சாதாரணமாக நகரசபையில் மரியேஜ் லைசன்ஸ் எடுத்திருக்க வேண்டும், அது 90 நாளுக்குத்தான் செல்லும். கலியாணம் முடிந்ததும் அவர் கடதாசியை அனுப்பி, மாகாணத்தில் பதிவான பிறகுதான் நீங்கள் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். என் மனைவியின் உறவில் ஒரு சோடிக்கு மண்டபத்தில் ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டுக் கலியாணம் நடந்தது, லைசன்ஸ் எடுக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஏழு மாதம் கழித்து ஸ்பொன்சர் போட உட்கார்ந்தபோதுதான் தாங்கள் இன்னும் மணமாகாதவர்கள் என்று தெரிந்தது. பிறகு சிற்றி ஹோலில் பத்து நிமிடத்தில் முடித்தார்கள், அன்று சாப்பாடு பீட்சா.

எக்ளின்டன்_சந்தி எழுதியது:

வேலையால் வந்துவிட்டேன். அச்சுவேலித் தங்கச்சி, கோபம் ஒன்றும் இல்லை, நீங்கள் எழுதினதுதான் இந்தத் திரியின் சாரம்.

இப்போது அந்த நாலு படம் கதை. கலியாணத்தை மறுக்க அதிகாரிக்கு இரண்டு காரணம் இருக்கிறது: ஒன்று, முக்கியமாகக் குடிவரவுக்காகச் செய்த கலியாணம், மற்றது, உண்மையான உறவு இல்லை. 2010 செப்டம்பர் வரை இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் மறுக்கலாம், அதன் பிறகு ஏதாவது ஒன்று போதும் என்று மாற்றிவிட்டார்கள். அதாவது இன்று நீங்கள் சந்தோசமாகக் குடும்பம் நடத்தினாலும், அன்று எழுதின நோக்கம் விசா என்று அவர்கள் முடிவு கட்டினால் மறுக்கலாம். அதனால்தான் "விசா அலுவல் ஓடட்டும் என்று எழுத்தை முதலில் வைத்தோம்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். உண்மை அதைவிடப் பெரியது அல்லவா? லீவு ஆடியில்தான் வருகிறது, ஆடியில் எங்கள் சனம் தாலி கட்டாது, குடும்பங்கள் பேசி முற்றாக்கி ஒரு வருடம், தை மாதம் தாலி கட்டப் பேசியிருக்கிறீர்கள். இதை அப்படியே எழுதுங்கள். ஆடி மாத விசயத்தைப் படிவத்தில் எழுதலாமா என்று வெட்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், தாராளமாக எழுதலாம்.

உறவுபற்றிய படிவம், ஐ.எம்.எம். 5532, அதில் சடங்கு நடந்ததா, யார் வந்தார்கள், தாய் தகப்பன் வந்தார்களா, விருந்து வைத்தீர்களா என்று கேட்பார்கள். எழுத்தன்று பதினைந்து பேர் வந்தால் பதினைந்து என்று போடுங்கள். தாலிகட்டு இன்னும் நடக்கவில்லை, இன்ன மாதம் வைத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். மாலை மாற்றிப் படம் எடுத்து அதைக் கலியாணம் என்று போட்டால், தையில் உண்மையான கலியாணப் படம் வரும்போது அதிகாரி கேட்பார், அப்போ முதல் நடந்தது என்ன? அந்தக் கேள்விக்கு உங்களிடம் விடை இருக்காது. படமும் அளவோடு, இருபதுக்கு மேல் வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள், உரையாடலும் பத்துப் பக்கம் போதும். சிலர் வட்ஸ்அப் முழுவதையும் அச்செடுத்துத் தலையணை மாதிரிக் கட்டி அனுப்புகிறார்கள். "சாப்பிட்டியா", "ம்", "நீ?" இதை முந்நூறு பக்கம் யார் வாசிப்பது!

காத்திருப்பதா என்றால், நான் காத்திருக்கச் சொல்லமாட்டேன். எழுத்து முடிந்து சான்றிதழ் கையில் வந்ததும் போடுங்கள், தையில் தாலிகட்டு நடந்ததும் அதன் படங்களையும் நீங்கள் திரும்பப் போய்வந்த ரிக்கெற்றையும் மேலதிகமாக ஏற்றிவிடுங்கள். திரும்பவும் காசு செலவழித்துப் போனீர்கள் என்பதைவிட நல்ல சாட்சி இல்லை.

வரியை மறக்கவேண்டாம். மணநிலை மாறினால் அடுத்த மாதம் முடிவதற்குள் வரித் திணைக்களத்துக்குச் சொல்ல வேண்டும், மனைவி ஊரில் இருந்தாலும்தான். ஸ்பொன்சர் ஃபைலில் மணமானவர், வரியில் தனியாள் என்று இருந்தவர்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது.

கடைசியாக ஒரு கசப்பான விசயம், நல்ல காரியத்தில் சொல்லக்கூடாது என்றாலும் சொல்லவேண்டும். எழுத்துக்கும் தாலிகட்டுக்கும் இடையில் வீட்டுக்காரருக்குள் ஏதாவது முறுகி நின்றுவிட்டால், "எழுத்தை வெட்டிவிடலாம்" என்று சனம் சும்மா சொல்லும். எழுத்தை வெட்ட முடியாது, விவாகரத்துதான். இலங்கையில் அது மாவட்ட நீதிமன்றத்தில், அதுவும் பிறழ்மனை உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், தீராத ஆண்மையின்மை போன்ற குற்றம் ஒன்றைக் காட்டித்தான் எடுக்க முடியும். இருவரும் சம்மதம் என்று சொல்லி எழுந்து வர முடியாது. தாலி கட்டாத பெண் விவாகரத்தானவள் என்று ஆகிவிடுவாள், உங்கள் அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவரைப் பழைய ஆள் என்று தள்ளிவிடாமல் இருத்திக் கதையுங்கள்.

கொக்குவில்_மாப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதினதை அப்படியே அவவுக்கு அனுப்பினேன். வாசித்துவிட்டு, போன மாதம்தான் ஒரு பயிற்சிக்கு இந்திய விசாவுக்கு விண்ணப்பிக்கக் கதைத்ததாகச் சொன்னா, எழுத்துக்குப் பிறகு என்றால் கவனமாக இருக்கிறேன் என்றா.

அம்மாவோடும் கதைத்தேன். அம்மாவின் உண்மையான பிரச்சினை தாலியை விட ஆடி. எழுத்தென்றாலும் ஆடியில் கையெழுத்து வைக்கக்கூடாது என்கிறார். ஆவணி ஓகஸ்ட் 17 இல் பிறக்கிறது, நான் 20 வரை நிற்கிறேன். சூப்பர்வைசரிடம் கெஞ்சி இன்னும் நாலு நாள் கேட்டிருக்கிறேன், சம்பளம் இல்லாத லீவு, பரவாயில்லை. அறிவித்தல் கொடுத்து 12 நாள் என்பது நான் போய் இறங்கிக் கொடுத்தாலே சரிவரும். ஒரு கேள்வி: எழுத்தன்று ஒரு மோதிரமும் சின்ன விருந்தும் வைத்தால் அது சோடித்தது மாதிரித் தெரியுமா? அவவுடைய அப்பா ஆசைப்படுகிறார்.

அச்சுவேலி_அக்கா எழுதியது:

ஐயோ தம்பி, அவர் மகளுடைய எழுத்துக்கு ஒரு அப்பா சாப்பாடு போடுவதில் என்ன சோடிப்பு. வையுங்கோ. ஃபைலுக்காக வைத்தால்தான் பிழை, ஆசைக்கு வைத்தால் அது விருந்து. எங்களுடைய எழுத்தன்று ஒருவரும் ஒன்றும் வைக்கவில்லை, கந்தோரிலிருந்து வந்து அம்மா வைத்த புட்டைச் சாப்பிட்டோம், நேர்முகத்தில் "அன்று என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டபோது இவர் இங்கே இருந்து ஃபோனில் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் என்று சொன்னார், நான் அங்கே இருந்து புட்டும் முட்டைப் பொரியலும் என்று சொன்னேன். அந்தப் பெண் சிரித்துவிட்டார். இன்றைக்கும் வீட்டில் அந்தச் சண்டை தீரவில்லை.

எழுத்துக்குச் சாட்சி இரண்டு பேர் வேண்டும், அடையாள அட்டையோடு. உங்கள் பக்கத்தில் ஒருவரையாவது போடுங்கள், அம்மா வருகிறார் என்றால் அம்மாவையே கூட்டிக்கொண்டு போங்கள். ஆவணி நாளை அவரே பஞ்சாங்கத்தில் பார்க்கட்டும்.